சிவப்பு மையில் பதினைந்து வருஷங்கள்: புலிட்சர் நாடகப் பரிசைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: எடிசன் – கொலம்பியா

அமெரிக்கா வந்து நாற்பது நாள் ஆகிறது. நயாகரா பார்த்தாயிற்று. வெள்ளை மாளிகையின் கம்பி வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தாயிற்று. பிட்ஸ்பர்க் பெருமாளையும் சேவித்தாயிற்று. ஊர் திரும்ப மிச்சமிருக்கும் பத்து நாளில் ஐந்தை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"எங்கப்பா போகணும்?" என்றான் பையன்.

"புலிட்சர் பரிசு கொடுக்கிற இடத்துக்கு."

"அது பத்திரிகைக்காரங்களுக்குல்ல கொடுப்பாங்க?"

நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாடகம் எழுதுகிறவர்களுக்கும் அதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பங்கு உண்டு. இந்த நாட்டில் நாடகாசிரியர் ஒருவர் வாங்கக்கூடிய பரிசுகளில் பேர்பெற்றது அதுதான். நான் முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்துவிட்டு, சாயங்காலம் ஊழியர் நாடகக் குழுவுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவன். எப்போதோ நூலகத்தில் உட்கார்ந்து இந்தப் பரிசுப் பட்டியலை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன்பின் வருஷத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். பரிசு வாங்கியவர் பெயர் நீல மையில். 'இந்த ஆண்டு யாருக்கும் இல்லை' என்று விட்ட வருஷம் சிவப்பு மையில். சிவப்பு இதுவரை பதினைந்து. நீலத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு எப்போதும் அந்தச் சிவப்பு மேல்தான் கண்.

காலையில் நியூ ஜெர்சி எடிசனில் ரயில் ஏறி பென் ஸ்டேஷன், அங்கிருந்து ஒன்றாம் எண் சப்வேயில் 116ஆம் தெரு. ஆகஸ்ட் வெயில் நம்மூர்ச் சித்திரை மாதிரி அடிக்கிறது. சப்வே நிலையத்துக்குள் அதைவிட மோசம். மருமகளின் தோழி ஒருத்தி, இந்தப் பரிசைக் கொடுக்கிற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவள். அவள் கூட வந்ததால் எந்தச் சிக்கலும் இல்லாமல் உள்ளே போனோம். வாசலில் ஜெஃபர்சன் சிலை. பின்னால் புலிட்சர் பெயரில் அந்தக் கட்டடம். மூன்றாவது மாடியில் 'வேர்ல்ட் ரூம்'.

அந்த அறைக்குள் நுழைந்ததும் கண் நேராக ஒரே இடத்துக்குப் போகிறது. ஒரு பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல். இரண்டு பூகோள அரைக்கோளங்களுக்கு நடுவே சுதந்திர தேவி. 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையின் பழைய கட்டடத்தில் இருந்த சன்னல் இது. 1955இல் அந்தக் கட்டடத்தை இடித்தபோது இதை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சுதந்திர தேவிக்கும் இந்தப் பத்திரிகைக்கும் உறவு உண்டு. சிலை பிரான்சிலிருந்து வந்தபோது பீடம் கட்டப் பணமில்லை. ஜோசஃப் புலிட்சர் 1885இல் தன் பத்திரிகையில் வசூல் ஆரம்பித்து, ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்களின் பெயரைக்கூட அச்சில் போட்டு, ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். நம்மூரில் கோயில் குடமுழுக்குக்கு உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டுவார்களே, அதே வித்தை.

புலிட்சர் ஹங்கேரியிலிருந்து 17 வயதில் ஆங்கிலம் தெரியாமல் வந்தவர். கடைசிக் காலத்தில் கண் தெரியாமல், சின்னச் சத்தம்கூடத் தாங்காமல், கப்பலிலேயே காலம் கழித்து 1911இல் கப்பலிலேயே இறந்தார். 1904இல் எழுதிய உயிலில்தான் பரிசுகளுக்கு வழி செய்திருந்தார். நாடகப் பரிசுக்கு அவர் போட்ட நிபந்தனையை அன்றே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்: அமெரிக்கர் எழுதிய சொந்த நாடகமாக இருக்க வேண்டும், நியூயார்க்கில் மேடையேறியிருக்க வேண்டும், நல்லொழுக்கம், நல்ல ரசனை, நன்னடத்தை இவற்றின் தரத்தை உயர்த்துவதில் மேடைக்கு இருக்கும் சக்தியைக் காட்டுவதாக இருக்க வேண்டும். பரிசுத் தொகை 1,000 டாலர்.

இந்த 'நல்லொழுக்கம்' என்ற ஒரு வார்த்தை அடுத்த அறுபது வருஷம் பண்ணிய கூத்து கொஞ்சமல்ல. 1917இல் முதல் பரிசுகள் கொடுத்தார்கள். நாடகத்துக்கு மட்டும் யாரும் தேறவில்லை. என் நோட்டின் முதல் வரியே சிவப்புதான். அடுத்த வருஷம் ஜெஸ்ஸி லின்ச் வில்லியம்ஸ் எழுதிய 'ஒய் மேரி?' வாங்கியது. 'எதுக்குக் கல்யாணம்?' என்று ஒரு பெண் விஞ்ஞானி கேட்கிற நகைச்சுவை நாடகம். பிடித்த ஆளோடு தாலி இல்லாமலே வாழ்கிறேன் என்பாள். கடைசிக் காட்சியில் குடும்பத்தார் தந்திரமாகக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். நல்லொழுக்கம் தப்பித்தது. 1919இல் மறுபடி சிவப்பு.

தோழி நீண்ட மேசையைக் காட்டி, "இங்கேதான் அங்கிள் போர்டு கூடும்" என்றாள். முறை இதுதான்: நாடகம் தெரிந்தவர்கள் ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு, அந்த ஆண்டின் நாடகங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்து மேலே அனுப்பும். எது முதலிடம் என்று குழு சொல்லக் கூடாது. மேலே இருக்கிற போர்டில் பெரும்பாலும் பத்திரிகையாளர்களும் பேராசிரியர்களும்தான். மூன்றில் ஒன்றை எடுப்பதோ, மூன்றையும் தள்ளுவதோ, நாலில் மூன்று பங்கு வாக்கிருந்தால் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருவதோ அவர்கள் இஷ்டம். 2007இல் 'ராபிட் ஹோல்' அப்படித்தான் வந்தது. நடுவர்கள் கொடுத்த மூன்றில் அது இல்லவே இல்லை.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பியது. ஒரு ஊரில், ஒரு போட்டிக்கு, மூன்று பேர் நடுவராகப் போனோம். ராத்திரி ஒரு மணி வரை மார்க் போட்டு, கூட்டி, உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தோம். மேடையில் வாசித்தது வேறு பெயர். உறை பிரிக்கப்படவே இல்லை என்பதை மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் சொன்னார். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது எதற்கு?

அந்த மேசையின் விளிம்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல கனமான மரம்.

இரண்டாம் நாள்: டைம்ஸ் ஸ்கொயர்

இன்று வீட்டுக்காரியும் வந்தாள். நாற்பது வருஷமாக என் ஒத்திகைகளுக்குக் கடைசி வரிசை அவள்தான். வசனம் கேட்காவிட்டால் கையைத் தூக்கி ஆட்டுவாள். நடிகர்கள் எனக்குப் பயந்ததில்லை, அந்தக் கைக்குப் பயந்தார்கள்.

முதலில் 45, 46ஆம் தெருக்களுக்கு நடுவே பிராட்வேயில் நிற்கும் பிரம்மாண்டமான ஹோட்டலுக்குப் போனோம். மாரியாட் மார்க்கீ. உள்ளே கண்ணாடி லிஃப்டுகள் ராக்கெட் மாதிரி ஏறுகின்றன, பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பார்க்க வந்தது அங்கே இல்லாததை. இந்த ஹோட்டலுக்காக 1982இல் பழைய தியேட்டர்களை இடித்தார்கள். அவற்றில் ஒன்று மொரோஸ்கோ, இன்னொன்று அன்றைய ஹெலன் ஹேஸ். இடிக்கக் கூடாது என்று நடிகர்களும் நாடகக்காரர்களும் தெருவில் உட்கார்ந்து கைதானார்கள்.

மொரோஸ்கோவில் என்னென்ன மேடையேறின என்று நோட்டைப் புரட்டினேன். 1920 பரிசு, யூஜின் ஓ'நீல் எழுதிய 'பியாண்ட் தி ஹொரைசன்'. 1926, ஜார்ஜ் கெல்லியின் 'கிரெய்க்ஸ் வைஃப்'. 1949, ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'. 1955, டென்னசி வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'. ஹெலன் ஹேஸில், 1957 பரிசு வாங்கிய ஓ'நீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'. அதாவது ஓ'நீல் வாங்கிய நாலு பரிசில் முதலும் கடைசியும் நியூயார்க்கில் முதலில் ஏறிய இரண்டு மேடையும் இந்த ஒரே ஹோட்டலுக்கு அடியில். வரவேற்புக் கூடத்தில் ஒரு குடும்பம் ஏழு சூட்கேஸோடு அறைச் சாவிக்குக் காத்திருந்தது.

ஜார்ஜ் கெல்லி பெயரை வெறுமனே தாண்டிப் போக மனசில்லை. 1924இல் நடுவர்கள் அவருடைய 'தி ஷோ-ஆஃப்' நாடகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கொலம்பியாவில் நாடகப் பேராசிரியராக இருந்த பிராண்டர் மேத்யூஸ் குறுக்கே வந்தார். ஹேட்சர் ஹியூஸ் எழுதிய 'ஹெல்-பென்ட் ஃபர் ஹெவன்' இதைவிட மேல் என்றார். ஹியூஸ் யார்? அதே கொலம்பியாவில் பாடம் நடத்துகிறவர். பரிசு அவருக்குப் போயிற்று. நடுவர்கள் கொதித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து கெல்லிக்குக் கொடுத்தார்கள். இந்தக் கெல்லியின் தம்பி மகள்தான் நடிகை கிரேஸ் கெல்லி. (வீட்டுக்காரிக்கு இந்தக் கடைசித் தகவல் மட்டும் பிடித்திருந்தது.)

45ஆம் தெருவிலேயே மியூசிக் பாக்ஸ் தியேட்டர். 1931 டிசம்பரில் 'ஆஃப் தீ ஐ சிங்' தொடங்கிய இடம், பரிசு வாங்கிய முதல் இசை நாடகம். கதை எழுதிய இருவருக்கும் பாட்டு எழுதிய ஐரா கெர்ஷ்வினுக்கும் பரிசு. மெட்டுப் போட்ட தம்பி ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு ஒன்றுமில்லை! இது எழுத்துக்கான பரிசு, இசைக்கு இல்லை என்றார்கள். 1950இல் 'சவுத் பசிபிக்' வந்தபோது இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு 1998இல் நூற்றாண்டையொட்டி ஒரு சிறப்புப் பரிசு. அவர் இறந்து 61 வருஷம் ஆகியிருந்தது. அதே ராட்ஜர்ஸ் பெயரில் 46ஆம் தெருவில் இருக்கும் தியேட்டரில்தான் 2016இல் பரிசு வாங்கிய 'ஹாமில்டன்' ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் விலையைப் பையன் போனில் பார்த்துச் சொன்னான். வெளியே நின்று போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

44ஆம் தெருவில் அல்கான்குவின் ஹோட்டலை வெளியிலிருந்து பார்த்தோம். 1935இல் 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' என்ற லில்லியன் ஹெல்மனின் நாடகத்தை விட்டுவிட்டு, 'தி ஓல்ட் மெய்டு'க்குப் பரிசு கொடுத்தார்கள். ஹெல்மனின் நாடகத்தில் இரண்டு ஆசிரியைகள் மேல் ஒரு மாணவி ஓரினக் காதல் பழி சுமத்துகிறாள். மறுபடி அந்த ஒழுக்கப் பிரச்சினை. கோபம் வந்த விமர்சகர்கள் 'உங்கள் பரிசு உங்களோடு' என்று இந்த ஹோட்டலில் கூடித் தனியாக ஒரு வட்டம் ஆரம்பித்துத் தாங்களே பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். நியூயார்க் நாடக விமர்சகர் வட்டம் இன்றும் இருக்கிறது. ஒரு பரிசின் தப்பான முடிவுக்கு இன்னொரு பரிசு பிறந்தது.

கடைசியாக 41ஆம் தெரு. இன்றைய பயணமே இதற்குத்தான். நெடர்லேண்டர் தியேட்டர், அந்தத் தெருவில் ஒண்டியாக நிற்கிறது. 1962 அக்டோபர் 13 அன்று இதற்குப் பில்லி ரோஸ் தியேட்டர் என்று பெயர். அன்றுதான் எட்வர்ட் ஆல்பியின் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?' இங்கே திரை விலகியது. ஒரு பேராசிரியரும் மனைவியும் நடுராத்திரியில் குடித்துவிட்டு, வந்திருக்கும் இளம் தம்பதி முன்னால் ஒருவரையொருவர் கிழித்தெடுக்கும் நாடகம். அந்த ஆண்டின் நாடகம் அதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நடுவர்கள் ஜான் மேசன் பிரவுன், ஜான் காஸ்னர் இருவரும் அதையே பரிந்துரைத்தார்கள். போர்டு மறுத்தது. 'அசிங்கமான நாடகம்' என்பது போர்டிலிருந்த ஒரு பத்திரிகை ஆசிரியரின் அபிப்பிராயம். இருவரும் ராஜினாமா செய்தார்கள். 1963க்கு நேரே என் நோட்டில் சிவப்பு. 64 சிவப்பு, 66 சிவப்பு, 68 சிவப்பு.

உயிலில் இருந்த அந்த ஒழுக்க வாசகத்தை 1920களின் முடிவிலேயே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காகிதத்திலிருந்து எடுத்தாயிற்று, ஆட்களின் மனசிலிருந்து எடுக்க இன்னும் ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது.

ஆல்பிக்கு 1967இல் வேறு நாடகத்துக்குக் கொடுத்தார்கள். பின்னால் 1975, 1994 என்று மொத்தம் மூன்று. இதே 41ஆம் தெரு மேடைக்கு 1996இல் 'ரென்ட்' வந்தது. எய்ட்ஸ் நோயாளிகள், வாடகை கொடுக்க முடியாத கலைஞர்கள், ஓரினக் காதலர்கள். அதற்குப் பரிசு கிடைத்தது. எழுதி இசையமைத்த ஜொனாதன் லார்சன் 35 வயதில், கிழக்கு 4ஆம் தெருவின் சின்ன அரங்கில் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த அன்று காலையில் இறந்துபோனார். பரிசை அவர் பார்க்கவில்லை.

எதிர்ச் சாரியில் சர்க்கரை பூசி வறுத்த கடலை விற்கும் வண்டி. வாங்கிக் கொறித்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வெறும் சுவரைப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்றாள். கடலை நன்றாக இருந்ததால் குரலில் கோபமில்லை.

மூன்றாம் நாள்: நியூ லண்டன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மச்சினர் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "பார்க்காமலே பரிசு கொடுப்பாங்களா மாப்பிள்ளை?" கொடுத்திருக்கிறார்கள். 2003இல் நீலோ குரூஸின் 'அன்னா இன் தி டிராபிக்ஸ்'. அது ஃபுளோரிடாவில் ஒரு சின்ன அரங்கில் மட்டும் போட்ட நாடகம். நடுவர்கள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை, பிரதியைப் படித்தே தேர்ந்தெடுத்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒருவர் இந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. நியூயார்க்கில் போட்டே ஆக வேண்டும் என்ற பழைய விதி அதற்குள் போய்விட்டிருந்தது.

பென் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக். நியூ ஹேவன் தாண்டியதும் ரயில் கடலோரமாகவே ஓடுகிறது. சதுப்பு, படகு, கொக்கு. ராமேஸ்வரம் பக்கம் போகிற மாதிரி இருந்தது, கருவாட்டு வாசனை மட்டும் இல்லை. நியூ லண்டனில் இறங்கிச் சற்று நடந்தால், துறைமுக ஓரத்தில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வெண்கலச் சிறுவன். மடியில் ஏதோ வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். ஏழு வயது ஓ'நீல்.

பீக்வாட் அவென்யூ 325. இந்த வீட்டுக்கு 'மான்டி கிறிஸ்டோ காட்டேஜ்' என்று பெயர். அப்பா ஜேம்ஸ் ஓ'நீல் பெரிய நடிகர். 'மான்டி கிறிஸ்டோ பிரபு' வேஷத்தை ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் பணம் சேர்த்து, அந்த ஒரு வேஷத்திலேயே மாட்டிக்கொண்டவர். ஸ்திரீபார்ட் போட்டே பேர் வாங்கிய நம் பழைய நடிகர்கள் சிலர் ஞாபகம் வந்தது.

வீடு வெளியிலிருந்து பார்க்க விசாலம். உள்ளே கூடம் சின்னது. நடுவில் வட்ட மேசை, மேலே சரவிளக்கு. அந்த மேசைக்கு அருகில்தான் நான் நகராமல் நின்றுவிட்டேன். 'லாங் டேஸ் ஜர்னி'யின் மேடைக் குறிப்பில், பச்சை மூடி போட்ட படிப்பு விளக்கின் ஒயரை மேலே இருக்கும் சரவிளக்கின் ஒரு துளையில் செருகியிருப்பதாக எழுதியிருப்பார். அந்த ஒயர் வேறெதற்கோ போட்ட அலங்காரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே நின்றால் புரிகிறது: சுவரில் தனியாக இழுக்கச் செலவு. அப்பாவின் சிக்கனம் முழுக்க அந்த ஒயரில் தொங்குகிறது. நாடகத்தின் கடைசி அங்கத்தில் கிழவர் 'மின்சாரக் கம்பெனியைப் பணக்காரனாக்கணுமா' என்கிற தினுசில் பல்பைக் கழற்றுவார். மகனுக்குக் காசநோய், தாய்க்கு மார்ஃபின் பழக்கம், இவருக்குப் பல்பு. அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பாவும் அரிக்கேன் திரியை இறக்கி வைப்பார்.

சொந்த வீட்டுக் கதை என்பதால் ஓ'நீல் அந்தப் பிரதியை முத்திரை வைத்துப் பதிப்பகத்தில் ஒப்படைத்து, தான் செத்து 25 வருஷம் கழித்துத்தான் அச்சிட வேண்டும் என்று எழுதி வாங்கினார். அவர் 1953இல் போனார். மனைவி கார்லோட்டா மூன்றே வருஷத்தில் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து வெளியிட வைத்தார். முதலில் மேடையேறியது ஸ்டாக்ஹோமில். 1957இல் புலிட்சர், கல்லறைக்குள் இருந்தவருக்கு நான்காவது பரிசு. கணவர் சொல்லை மீறியது சரியா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். "நீங்க பரண்ல போட்டு வச்சிருக்கறதையும் நான் அப்படித்தான் பண்ணுவேன், எடைக்குப் போடறதுக்கு" என்றாள்.

பக்கத்து ஊர் வாட்டர்ஃபோர்டில் ஓ'நீல் பெயரில் 1964இல் தொடங்கிய நாடக மையம். இந்த வீடும் அவர்கள் பொறுப்பில்தான். கோடைக்கோடை புது நாடகாசிரியர்களை வரவழைத்து, நடிகர்கள் கையில் பிரதியோடு நின்று படித்துக் காட்டுவார்கள். எழுதியவர் ராத்திரி உட்கார்ந்து திருத்துவார். ஆகஸ்ட் வில்சன் இங்கே அனுப்பிய நாடகங்கள் பல தடவை திரும்பி வந்திருக்கின்றன. 1982இல் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 'ஃபென்ஸஸ்'. 1987இல் அதற்குப் புலிட்சர், 1990இல் 'தி பியானோ லெசன்' நாடகத்துக்கு இன்னொன்று. கறுப்பினத்தவர் ஒருவர் இந்தப் பரிசைத் தொடவே 1970 ஆயிற்று, சார்ல்ஸ் கோர்டோன். கறுப்பினப் பெண் ஒருவர் தொட 2002, சூசன்-லோரி பார்க்ஸ். அறிவிக்கப்படாத சிவப்பு என்று ஒன்று போட இடமிருந்தால் அந்த வருஷங்களுக்கெல்லாம் போட வேண்டும்.

நான்காம் நாள்: பாஸ்டன்

கால் வீங்கிவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஓ'நீல் பிறந்தது டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில், இறந்தது பாஸ்டனில் பே ஸ்டேட் சாலை ஹோட்டல் அறையில். அந்த ஹோட்டல் இப்போது பல்கலைக்கழக மாணவர் விடுதி. நான்காவது மாடியில் ஆவி உலாவுகிறதாம்; வாசலில் நின்ற பையன் ஒருவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். ஆரஞ்சு லைனில் கடைசி நிறுத்தம் போய், ஃபாரஸ்ட் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லையும் பார்த்தோம். செதுக்காத கரடுமுரடான கல், செடிகளுக்கு நடுவே. அவ்வளவுதான்.

பாஸ்டனில் எனக்குப் பிடித்தது வேறு கதை. 1928இல் பரிசு வாங்கிய ஓ'நீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்' அடுத்த ஆண்டு இங்கே வந்தபோது மேயர் தடை போட்டார், ஒழுக்கக் கேடாம். ஒழுக்கத்தை உயர்த்துவதற்காக ஏற்பட்ட பரிசை வாங்கிய நாடகம்! குழு மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் குவின்சிக்குப் போய் அங்கே போட்டது. ஒன்பது அங்கம், நாலு மணி நேரத்துக்கு மேல், நடுவில் சாப்பாட்டு இடைவேளை. பாஸ்டன் சனமெல்லாம் குவின்சிக்குப் படையெடுத்து, இடைவேளையில் தியேட்டர் பக்கத்தில் ஹோவர்ட் ஜான்சன் என்பவர் நடத்திய ஓட்டலில் சாப்பிட்டது. பின்னாளில் நாடு முழுக்கக் கிளை பரப்பிய அந்த ஓட்டலுக்கு அது நல்ல போணி. மேயர் தடை போட்டதால் ஓட்டல்காரர் பிழைத்தார்.

குவின்சிக்கு ரெட் லைன் போகிறது. போகவில்லை. கால்.

ஐந்தாம் நாள்: பிராவின்ஸ்டவுன்

காலைக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். கேப் காட் என்ற நிலத்துண்டு கடலுக்குள் கையை நீட்டி மடக்கின மாதிரி இருக்கும். அதன் விரல் நுனியில் இந்த ஊர். கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்று பெயர், அகலம் நம்மூர்ச் சன்னதித் தெரு அளவுதான். கிழக்குப் பக்கமாக நடந்து 571ஆம் எண் வரை போனால் ஒரு கல்லில் பதித்த பலகை.

இங்கே ஒரு மீன்பிடித் துறை இருந்தது. அதன் மேல் ஒரு பழைய கொட்டகை. 1916 கோடையில், விடுமுறைக்கு வந்த எழுத்தாளர்கள் சிலர் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி நாடகம் போட்டார்கள். சூசன் கிளாஸ்பெல், அவர் கணவர் ஜார்ஜ் கிராம் குக், இன்னும் சிலர். பெட்டி நிறைய நாடகம் வைத்துக்கொண்டு ஒருவன் ஊரில் திரிகிறான் என்று கேள்விப்பட்டு வரவழைத்தார்கள். வந்தது 27 வயது ஓ'நீல். ஜூலை கடைசியில் 'பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்'. கப்பலின் படுக்கைத் தட்டில் ஒரு மாலுமி கிடந்து சாகிறான், வெளியே மூடுபனி. அன்று ராத்திரி நிஜமாகவே துறைமுகத்தில் மூடுபனி. எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது. பலகைத் தரைக்கு அடியில் அலை மோதியது. ஓ'நீலுக்கும் ஒரே ஒரு வசனம் உள்ள வேஷம்.

நாலு வருஷத்தில் முதல் புலிட்சர். மொரோஸ்கோவில் அந்தப் பரிசு நாடகம் 'பியாண்ட் தி ஹொரைசன்' பார்த்த அப்பா, 'ஜனங்களை வீட்டுக்கு அனுப்பித் தற்கொலை பண்ணிக்க வைக்கப் போறியா?' என்று கேட்டாராம். அதே 1920 ஆகஸ்டில் அவர் இறந்தார். மகனுக்குக் கல்யாணப் பரிசாக இந்த ஊர்க் கடலோரத்தில் பழைய உயிர்காப்பு நிலையம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். 1931இல் கடல் அந்த வீட்டைக் கொண்டுபோய்விட்டது.

அதே 1931இல் பரிசு கிளாஸ்பெலுக்கு. 'அலிசன்ஸ் ஹவுஸ்'. கவிஞர் எமிலி டிக்கின்சனின் வாழ்க்கையை எழுதப் போனார். குடும்பத்தார் பெயரையும் கவிதையையும் பயன்படுத்த விடவில்லை. அயோவாவில் ஒரு கற்பனைக் கவிஞர் என்று மாற்றி எழுதினார். பரிசு அறிவித்ததும் பத்திரிகை விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ, கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியவருக்குக் கொடுத்தது தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. நாடகம் எப்படி என்று கேட்டால், படித்திருக்கிறேன், கொஞ்சம் இழுவைதான்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து கடற்கரைக்கு இறங்குகிறது. அலை உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் நாலைந்து படகுகள் சாய்ந்து கிடந்தன. துறையும் கொட்டகையும் எப்போதோ போய்விட்டன.

"பலகைக்கு அடியில தண்ணி இரைஞ்சிட்டிருந்தா வசனம் எப்படிங்க கேட்டிருக்கும்?" என்றாள்.

நல்ல கேள்வி. நோட்டைக் கைப்பையில் வைத்தேன். "நீ போய் அங்க நில்லு" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஐம்பது அறுபது அடி நடந்து, ஒரு படகுக்குப் பக்கத்தில் திரும்பி நின்றாள். நான் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, 1987இல் எழுதிய நாடகத்தின் முதல் வரியைச் சொன்னேன்.

கையைத் தூக்கி ஆட்டினாள்.

இன்னும் கொஞ்சம் வயிற்றிலிருந்து எடுத்து, மறுபடி சொன்னேன்.